காரணம் என்ற கட்டம்

கேஸ் ஷீட்டில் அந்தக் கட்டம்
இரண்டு விரல் அகலம்கூட இருக்காது.
சனிக்கிழமை இரவென்றால் நிரப்பச் சுலபம்.
முள்ளோடையில் குடித்துவிட்டுப்
பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி வருகிறவர்கள்
ஹெல்மெட்டை டேங்கின் மேல் வைத்திருப்பார்கள்,
குழந்தையை உட்காரவைத்ததுபோல.
அதில் ஒரு கீறலும் இருக்காது.
மூக்குக்குக் கீழே மேல்தாடை மட்டும்
என் விரல்களுக்கு நடுவே தனியாக ஆடும்,
பூட்டாத மேஜை இழுப்பறை.

தாழங்குடா அஞ்சப்பனை
வலை இழுக்கும் வின்ச் அடித்திருந்தது.
ரத்தத்தைத் துப்பிவிட்டு முதலில் கேட்டது
படகை யார் கட்டினார்கள் என்று.

பண்ருட்டிப் பக்கம் பலாமரத்திலிருந்து விழுந்த பையனுக்கு
மோவாயில் மூன்று தையல், அவ்வளவுதான் என்றார்கள்.
படத்தில் பார்த்தால்
இரண்டு காதுக்கு முன்னாலும் முறிந்திருந்தது.
தாடை ஒரு லாடம்.
அடி வாங்கிய இடத்திலும் முறியும்,
வாங்காத இடத்திலும் முறியும்.
ஒன்றைக் கண்டதும் நான் படத்தை இறக்குவதில்லை.

ஆற்றுத் திருவிழாவில்
யாருடைய முழங்கையோ பட்டுக்
கன்னத்தெலும்பு உள்ளே போனவன்
சிரித்தபடியே வந்தான்.
ஒரு கன்னம் மட்டும் எழுந்தது.

கைச்சண்டை என்றால் பெரும்பாலும் இடப்பக்கம்.
எதிரே நிற்பவனின் வலது கை
வந்து சேரும் இடம் அதுதான்,
கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், தாடை மடங்குமிடம்.
ஊருக்குப் போகும் பஸ் நம்பர்போல
இது எனக்கு மனப்பாடம்.

அதனால்தான்
செவ்வாய் மதியம் வந்த மங்கையர்க்கரசியை
நான் சந்தேகிக்கவில்லை.
பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டா என்றார் கணவர்.
அவர் தலையாட்டினார்.
உடைந்திருந்தது வலப்பக்கம்.
கீழுதட்டைப் பஞ்சால் தொட்டேன், தெரியவில்லை என்றார்.
நாக்கைத் தூக்கச் சொன்னேன்,
அடியில் நாவல்பழ நிறம்.
பல்லைக் கடிங்க என்றேன்.
மேல்வரிசை ஓரிடம், கீழ்வரிசை ஓரிடம்.

"பல்லக் கடிச்சிக்கிட்டு இருன்னுதான் எல்லாரும் சொல்றாங்க.
இப்ப சேர மாட்டேங்குது" என்றார்.

வலியில் ஏதோ பேசுகிறார் என்று
அடுத்த வரிக்குப் போனேன்.
கட்டத்தில் எழுதினேன்: வழுக்கி விழுந்து.

சம்மதப் படிவத்தோடு வராண்டாவுக்குப் போனேன்.
ஹார்லிக்ஸ், ஸ்ட்ரா, புது பிளாஸ்க்,
எல்லாம் வாங்கி வைத்திருந்தார்.
"கஞ்சிதானே மேடம், எத்தன வாரம்னாலும் பாத்துக்கறேன்."
பேனாவை நீட்டினேன்.
இடது கையால் வாங்கினார்.
இடது கையால்,
மை அப்பாதபடி தாளைச் சாய்த்து வைத்து
இன்ஷியல் விடாமல்
நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

உள்ளே வந்து மறுபடி பார்த்தேன்.
மோவாயில் சிராய்ப்பு இல்லை.
உள்ளங்கையில் இல்லை, முழங்காலில் இல்லை.
விழுகிற யாரும் முதலில் கையைத்தான் ஊன்றுவார்கள்.
இதையெல்லாம் முன்பே பார்த்திருக்க வேண்டும்,
மனப்பாடமாக இருந்ததால் பார்க்கவில்லை.

நாளைக் காலை ஒன்பதுக்கு
மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டுகிறோம்.
கட்டிய பிறகும் பேசலாம், பல்லிடுக்கில்.
கேட்கிறவருக்குப் பொறுமை வேண்டும்.
ஆனால் பிளாஸ்க்கோடு ஒருவர்
எப்போதும் பக்கத்தில் இருப்பார்.

ரத்த மாதிரியைக் கொடுத்து
அவரை லேபுக்கு அனுப்பினேன்.
அங்கே இந்நேரம் வரிசை படிக்கட்டு வரை நிற்கும்.

எழுதியதை ஒற்றைக் கோடாக அடித்தேன்,
அடியில் இருப்பது தெரியும்படி. அதுதான் விதி.
பக்கத்தில் என் கையெழுத்து, நேரம் இரண்டு நாற்பது.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மங்கையர்க்கரசி
கோட்டைப் பார்த்தார்.
அப்புறம் கதவைப் பார்த்தார்.